படிக்கும்போது தெரிகிறது, எழுதும்போது வரவில்லை: பிளஸ் 2 இயற்பியலுக்கு என்ன செய்வது?

கம்பம்_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். கம்பம் பக்கத்தில் ஒரு கிராமம். அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் 2 படிக்கிறேன், தமிழ்வழி, உயிரியல் பிரிவு. அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70-க்கு 31 வாங்கியிருக்கிறேன். வேதியியலும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, ஆனால் இயற்பியல் தாளைப் பார்த்துத்தான் அழுதேன்.

நான் படிக்காமல் இல்லை. அம்மா ஏலத்தோட்ட வேலைக்கு விடியற்காலை ஜீப்பில் மலைக்குப் போகிறவர். அவர் நான்கு மணிக்கு எழும்போது நானும் எழுந்துவிடுவேன். சோறு வடிக்கிற வேலை, தம்பியைக் கிளப்புகிற வேலை போக ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். மாலையில் சிறப்பு வகுப்பு முடிந்து வீடு சேர ஆறரை ஆகிவிடும். இரவில் ஒன்பதரை வரை படிப்பேன். அதற்கு மேல் கண் தாங்காது.

முதல் அலகை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. சத்தம் போட்டுத்தான் படிப்பேன். புத்தகத்தில் மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று கோடு போடாத வரியே இல்லை. படிக்கும்போது எல்லாம் புரிகிறது. தோழி சந்தேகம் கேட்டால், “அது இடது பக்கம், மேலே, படத்துக்குக் கீழே இருக்கிறது பார்” என்று புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். ஆனால் தேர்வில் பேனாவை எடுத்தால் தலைப்பு, படம், இரண்டு வரி, அவ்வளவுதான். மூன்றாம் வரியில் நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால் “ஐயோ, இதுதானே!” என்று தோன்றுகிறது.

ஞாபகசக்தியைக் கூட்ட வழி உண்டா? ஐந்து மதிப்பெண் வினாக்களை எப்படி மனப்பாடம் செய்வது? சித்தப்பா மகன் ஒரு ‘முக்கிய வினாக்கள்’ தாள் கொடுத்திருக்கிறான். அதில் இல்லாததை எல்லாம் விட்டுவிடலாமா? அடுத்த வாரம் முதல் திருப்புதல் தேர்வு தொடங்குகிறது.

வெற்றி_நமதே

தங்கையே, முதலில் தன்னம்பிக்கை வேண்டும். “என்னால் முடியும்” என்று தினமும் நோட்டில் எழுதுங்கள். வல்லாரைக் கீரை வாரத்தில் மூன்று நாள் சேர்த்துக்கொள்ளுங்கள், பாதாம் ஊற வைத்துச் சாப்பிடுங்கள். பிரம்ம முகூர்த்தத்தில் கிழக்கு நோக்கி உட்கார்ந்து படித்தால் மறக்கவே மறக்காது. வாழ்த்துகள்!

ஓய்வுபெற்ற_டீச்சர்

வல்லாரை நல்ல கீரைதான். துவையல் அரைத்தால் இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும். இயற்பியலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. நான்கு மணிக்கு எழுந்து சோறு வடிக்கிற பிள்ளைக்குப் பாதாம் சாப்பிடச் சொல்கிற யோசனையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா, நான் அரசுப் பள்ளிகளில் முதுகலை இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கோடை வந்தால் விடைத்தாள் திருத்தும் மையத்தில்தான் இருப்பேன். அதனால் உன் தாள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். தலைப்புக்கு அடிக்கோடு போட்டிருப்பாய். படத்தில் பாகங்களைக் குறித்திருக்க மாட்டாய். இரண்டு வரி சரியாக வந்து, பிறகு நேராக இறுதிச் சமன்பாட்டில் போய் நின்றிருப்பாய். நடுவில் இருக்க வேண்டிய நான்கு வரி இருந்திருக்காது. இப்படிப்பட்ட தாள்களைக் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன்.

உனக்கு ஞாபகசக்தி குறைவு என்று யார் சொன்னது? எந்தப் பக்கத்தில், எந்த மூலையில், எந்தப் படத்துக்குக் கீழே என்பதுவரை நினைவில் வைத்திருக்கிறாய். எதைத் திரும்பத் திரும்பச் செய்தாயோ அது உனக்கு நன்றாக வருகிறது. நீ செய்தது பக்கத்தைப் பார்த்தது. பார்த்த பக்கம் பழகிவிட்டது, மறுபடி பார்த்தால் “தெரியுமே” என்கிறது மனம். உன் வீட்டு வாசலில் அம்மா போடும் சிக்குக் கோலத்தைத் தினமும் பார்த்திருப்பாய், வேறு வாசலில் பார்த்தாலும் அடையாளம் சொல்வாய். மாவைக் கையில் எடுத்துப் போட்டுப் பார், மூன்றாவது வளைவில் கை நின்றுவிடும். உன் மூன்றாம் வரியும் அப்படித்தான்.

ஆகவே நாளை முதல் அந்தக் கலர் பேனாக்களைத் தம்பியிடம் கொடுத்துவிடு.

ஒரு வினாவை எடுத்துக்கொள். விடையை ஒரே ஒரு முறை மெதுவாகப் படி. ஒவ்வொரு வரிக்கும் “இது ஏன் வந்தது?” என்று கேள். பதில் கிடைக்காத வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வை, மறுநாள் உன் ஆசிரியரிடம் போய்க் கேட்க வேண்டியது அந்த வரியைத்தான். பிறகு புத்தகத்தை மூடு. மூடினால் போதாது, எழுந்து போய் அடுத்த அறையிலோ அரிசி டிரம் மேலேயோ வைத்துவிட்டு வா. பக்கத்தில் இருந்தால் கை தானாகப் போகும், அப்புறம் அது பார்த்து எழுதுகிற இம்போசிஷன் ஆகிவிடும். இம்போசிஷனால் கையெழுத்துதான் திருந்தும்.

இப்போது எழுது. நிற்கும். நின்றால் உடனே ஓடிப்போய்ப் புத்தகத்தைத் திறக்காதே. படத்தைப் பார், கடைசி வரி என்ன என்று யோசி, அங்கிருந்து பின்னால் வர முடிகிறதா என்று பார். இரண்டு மூன்று நிமிடம் தவித்தால் தவறில்லை, அந்தத் தவிப்பில்தான் படிப்பு நடக்கிறது. அப்படியும் வரவில்லையா, ஒரு வரி இடம் விட்டுவிட்டு மேலே எழுது. முடித்த பிறகு புத்தகத்தை எடுத்து, விட்ட இடத்தை மட்டும் சிவப்பு மையில் நிரப்பு. சிவப்பு எங்கே இருக்கிறதோ அதுதான் நீ படிக்க வேண்டிய பாடம். கறுப்பில் இருப்பது உனக்கு ஏற்கெனவே தெரியும், அதை ஏன் திரும்பப் படிக்கிறாய்?

மறுநாள் அதே வினாவை, படிக்காமல், முதலில் எழுதிவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட வேண்டும். பிறகு இரண்டு மூன்று நாள் விட்டு ஒரு முறை, ஒரு வாரம் விட்டு ஒரு முறை. இடையில் கொஞ்சம் மறக்க வேண்டும். மறந்ததை இழுத்து எடுக்கும்போதுதான் அது நிலைக்கும். ஒரே இரவில் பத்து முறை எழுதுவதில் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை.

எதை எப்போது எழுதுவது என்று குழம்பாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். பக்கத்துக் கடையில் கேட்டால் சேர்த்து வைத்துக் கொடுப்பார்கள். ஒரு தாளில் ஒரு வினா, வினா மட்டும். மூன்று பிஸ்கட் டப்பா எடுத்துக்கொள். புதிய வினாக்கள் முதல் டப்பாவில். பார்க்காமல் முழுதாக எழுதினால் தாள் இரண்டாவது டப்பாவுக்குப் போகும், அங்கேயும் சரியாக வந்தால் மூன்றாவதற்கு. எங்கே தடுமாறினாலும் திரும்ப முதல் டப்பா, தயவு தாட்சண்யம் கிடையாது. முதல் டப்பாவைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவதை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். என் மாணவிகள் சிலர் இதற்கு ‘பாஸ், ஃபெயில் டப்பா’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

காலை ஒன்றரை மணி நேரத்தை எழுதுவதற்கு வை. சோறு கொதிக்கும் நேரத்தில் வரையறைகள், அலகுகள், ஒரு மதிப்பெண் வினாக்கள். அதற்கு வாய் போதும், கை வேண்டாம்.

முக்கிய வினாத் தாளைப் பற்றிக் கேட்டாய். அந்தத் தாளைத் தயாரித்தவருக்கு வினாத்தாள் தயாரிப்பவரைத் தெரியாது. 2019-ல் புதிய பாடப்புத்தகம் வந்த பிறகு, இந்த அலகிலிருந்து இத்தனை வினா என்று எண்ணிவைக்கிற பழைய வசதி போய்விட்டது. கணக்கைப் பார்: 15 ஒரு மதிப்பெண் வினா, விடுவதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு மதிப்பெண் 9-ல் 6, மூன்று மதிப்பெண் 9-ல் 6. அவற்றில் 24-ஆவதும் 33-ஆவதும் கட்டாயம், பெரும்பாலும் கணக்காகத்தான் இருக்கும். ஐந்து மதிப்பெண் ஐந்தும் ‘அல்லது’ வகை. ஓர் அலகை முழுதாக விட்டால் ஒரே இடத்தில் அல்ல, நாலு இடத்தில் அடி விழும். 11 அலகிலும் சிறு வினாக்களைத் தொட்டுவிடு, பெரிய தருவிப்புகளில் (சமன்பாட்டைப் படிப்படியாக வரவழைக்கிற வினாக்களில்) வேண்டுமானால் முன்னே பின்னே பார்த்துக்கொள்ளலாம். கடைசி அலகு சின்னது, கதை போல் இருக்கும், அதைப் பலரும் காரணமே இல்லாமல் விடுகிறார்கள்.

அந்த 31-க்கு வருகிறேன். மீதி 39 எங்கே போயிற்று என்று தாளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாயா? தெரியாமல் விட்டது எவ்வளவு, தெரிந்து நடுவில் நின்றது எவ்வளவு, விடையில் மீட்டர், வோல்ட் என்று அலகு எழுதாமல் போனது எவ்வளவு, நேரம் போதாமல் விட்டது எவ்வளவு? பார்த்துவிட்டு இங்கே எழுது. மருந்து அதைப் பொறுத்தது.

கம்பம்_மாணவி

டீச்சர், மிகவும் நன்றி. தாளை எடுத்துப் பார்த்தேன். நேரம் போதாமல் ஒரு ஐந்து மதிப்பெண் வினாவை விட்டிருக்கிறேன். ஒரு மதிப்பெண்ணில் 15-க்கு 8. அதில் இரண்டில் விடை சரியாக எழுதிக் குறியீட்டை (அ, ஆ என்ற எழுத்தை) தவறாகப் போட்டிருக்கிறேன், இரண்டுக்கும் பூஜ்யம். இரண்டு, மூன்று மதிப்பெண் வினாக்களில் கணக்கு எதையும் தொடவே இல்லை. மீதி எல்லாம் நடுவில் நின்றவைதான்.

நேற்றே நீங்கள் சொன்னபடி புத்தகத்தைக் கொண்டுபோய் அரிசி டிரம் மேல் வைத்துவிட்டு எழுதினேன். வினா: மின் இருமுனை ஒன்றினால் அதன் அச்சுக்கோட்டில் உள்ள புள்ளியில் ஏற்படும் மின்புலத்தைக் கணக்கிடுக. படம் போட்டேன். நேர் மின்துகளால் வரும் புலம், எதிர் மின்துகளால் வரும் புலம், இரண்டும் எழுதினேன். இரண்டையும் கூட்டி அடைப்புக்குறி போட்டேன். அதற்கு அடுத்த வரி வரவே இல்லை. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி வரி தெரியும் என்பதால் இடம் விட்டு அதை எழுதிவிட்டேன். முதல் முறை படிக்கும்போதும் சரி, இத்தனை முறை படித்த பிறகும் சரி, அந்த இடம் மட்டும் எப்போதும் மனதில் நிற்பதில்லை. மனப்பாடம் செய்ய ஏதாவது குறுக்கு வழி இருக்கிறதா?

ஓய்வுபெற்ற_டீச்சர்

நன்றாக மாட்டினாய். நீ சொன்ன அந்த வரியில்தான் பாதி தமிழ்நாடு நிற்கிறது.

கைபேசியில் குறியீடுகளைத் தட்ட எனக்கு வராது, எழுத்தாலேயே சொல்கிறேன், ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார். மின் இருமுனை என்றால் சிறு இடைவெளியில் இருக்கும் சம அளவு நேர், எதிர் மின்துகள்கள் இரண்டு. அதன் மையத்திலிருந்து புள்ளிக்கு உள்ளது ‘தூரம்’. இருமுனையின் நீளத்தில் பாதி ‘அரை’. நேர் மின்துகள் புள்ளிக்கு அருகில் இருக்கிறது, அதனால் அதன் புலத்தில் கீழே (தூரம் − அரை)². எதிர் மின்துகள் தள்ளி இருக்கிறது, அங்கே கீழே (தூரம் + அரை)². திசை எதிர் என்பதால் நடுவில் கழித்தல். இதுவரை நீயே எழுதியிருக்கிறாய்.

இப்போது இரண்டு பின்னங்களைக் கழிக்க வேண்டும். குறுக்கே பெருக்கு. மேலே வருவது (தூரம் + அரை)² − (தூரம் − அரை)². இதை விரித்துப் பார். வர்க்கங்கள் அடிபட்டுப் போய் மிஞ்சுவது 4 × தூரம் × அரை. இதில் இயற்பியல் எங்கே இருக்கிறது? கீழ்வகுப்பில் படித்த முற்றொருமை இது. அன்றைக்குக் கணக்கு வகுப்பில் கூட்டலின் வர்க்கம், கழித்தலின் வர்க்கம் என்று சூத்திரமாக ஒப்பித்ததைப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் புத்தகத்துக்குள் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. அதனால் அந்த வரி உனக்கு வெறும் எழுத்துக் கூட்டமாகத் தெரிந்திருக்கிறது. அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டத்தை எந்த மூளையும் வைத்துக்கொள்ளாது.

கீழே என்ன? (தூரம் − அரை) × (தூரம் + அரை), அது இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம், அந்த மொத்தத்துக்கும் மேல் ஒரு வர்க்கம். புள்ளி மிகத் தொலைவில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம், ஆகவே ‘அரை’யின் வர்க்கத்தைத் தள்ளிவிடலாம். கீழே தூரத்தின் நான்காம் அடுக்கு மட்டும் மிஞ்சும். மேலே உள்ள ஒரு தூரத்தை அடித்தால் மூன்றாம் அடுக்கு. மேலே 4 × அரை × மின்னூட்டம் நிற்கிறது. இருமுனைத் திருப்புத்திறன் என்பது 2 × அரை × மின்னூட்டம் என்று வரையறையிலேயே படித்தாய், ஆகவே மேலே இருப்பது 2 × திருப்புத்திறன். உன் கடைசி வரி வந்துவிட்டதா?

இதில் மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது, சொல். படமும், ஒரு மின்துகளின் புலத்துக்கான சூத்திரமும், திருப்புத்திறனின் வரையறையும் இருந்தால் மீதி தானே வரும். நடுவரைக்கோட்டில் உள்ள புள்ளிக்கும் இதே போல் நீயே போட்டுப் பார். அங்கே கழித்தல் வராது, பிதாகரஸ் வருவார். இறுதியில் அந்த 2 இருக்காது, புலத்தின் திசையும் திருப்புத்திறனுக்கு எதிராக இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் வித்தியாசம் மனதில் உட்காரும்.

ஒரு மதிப்பெண் விஷயத்தில் உன்மேல் எனக்குக் கோபம். வினாத்தாளில் என்ன அச்சிட்டிருக்கிறது? ‘குறியீட்டுடன் விடையினையும் சேர்த்து எழுதவும்.’ இரண்டில் ஒன்று தவறினாலும் மதிப்பெண் கிடையாது, திருத்துகிறவர் மனம் இரங்கினாலும் விடைக்குறிப்பு இரங்காது. விடையை முதலில் எழுது, குறியீட்டை வினாத்தாளில் விரல் வைத்துப் பார்த்துப் பிறகு எழுது.

பி.எட்_இரண்டாம்_ஆண்டு

டீச்சர் அனுபவத்தில் சொல்வதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. எங்கள் கல்வி உளவியல் தாளில் வந்தது என்பதால் சொல்கிறேன். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு மூன்று தடவை பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் நான்கு தடவை படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களுக்கு நினைவில் இருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. எனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்களும் அந்த நான்கு தடவை படித்த குழுவினர்தான்.

2013-ல் டன்லாஸ்கி என்பவரும் அவருடைய சகாக்களும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன. அடிக்கோடு போடுவதும் திரும்பத் திரும்பப் படிப்பதும் பயன் குறைந்தவை என்ற வரிசைக்குப் போயின. டீச்சரின் பிஸ்கட் டப்பாவுக்கும் ஒரு ஜெர்மன் உறவினர் உண்டு: செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் எழுதிய புத்தகத்தில் இதே போல் அட்டைப் பெட்டி முறையைச் சொல்லியிருக்கிறார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. இந்தப் பிள்ளைக்கு இயற்பியல் மட்டுமா இருக்கிறது? ஆறு பாடம். ஒவ்வொரு தருவிப்பையும் முழுதாக நான்கு முறை எழுத நேரம் எங்கே? முதல் முறை முழுதாக எழுதட்டும். அடுத்த முறைகளில் படம், தொடக்கச் சமன்பாடு, திருப்பம் வரும் வரி, இறுதி வரி என்று எலும்புக்கூட்டை மட்டும் எழுதினால் போதும் என்பேன். இன்னொன்று, ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் பத்துப் போடாமல், நிலைமின்னியலில் ஒன்று, மின்னோட்டவியலில் ஒன்று, ஒளியியலில் ஒன்று என்று கலந்து போடுங்கள். தேர்வில் எந்தச் சூத்திரம் என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள், அதைக் கண்டுபிடிக்கவும் பழக வேண்டும்.

ஓய்வுபெற்ற_டீச்சர்

கலந்து போடும் யோசனை சரி, அதை நான் சொல்லியிருக்க வேண்டும். எலும்புக்கூடு விஷயத்தில் பாதி ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது டப்பாவுக்குப் போன வினாவுக்கு அது போதும். முதல் டப்பாவில் இருப்பதற்குப் போதாது. ‘திருப்பம் வரும் வரி’ எது என்று தெரிந்த பிள்ளை முதல் டப்பாவில் ஏன் இருக்கப் போகிறது?

தவிர, விடைக்குறிப்பில் மதிப்பெண்ணைப் பிரித்துத்தான் கொடுத்திருப்பார்கள். படம், சூத்திரம், இடைப்பட்ட படிகள், இறுதி விடை என்று ஒவ்வொன்றுக்கும் அரையோ ஒன்றோ. கணக்கில் அலகு விட்டால் அரை போகும். முழுதாக எழுதிப் பழகாதவர்கள் தேர்விலும் எலும்புக்கூட்டையே எழுதிவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன், ஐந்துக்கு இரண்டரை வாங்கிக்கொண்டு “நன்றாகத்தானே எழுதினேன்” என்பார்கள். அதே காரணத்துக்காக, அரைகுறையாகத் தெரிந்த வினாவையும் வெற்றிடமாக விடக் கூடாது. படமும் முதல் சூத்திரமும் எழுதிவிட்டு வந்தால் எதுவோ கிடைக்கும். வெள்ளைத் தாளுக்கு மதிப்பெண் போட எங்களுக்கு அதிகாரம் இல்லை.

இரவுப்பணி_அப்பா

இடையில் ஒரு தகப்பனின் கேள்வி. என் மகளும் பிளஸ் 2. இரவு ஒரு மணி வரை விழித்துப் படிக்கிறாள். நான் பணி முடிந்து வரும்போதும் விளக்கு எரிகிறது. கைபேசியில் பாட வீடியோ பார்க்கிறேன் என்கிறாள். பாராட்டுவதா, திட்டுவதா என்று தெரியவில்லை. காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறாள்.

ஓய்வுபெற்ற_டீச்சர்

ஐயா, இரண்டும் வேண்டாம். வீடியோ பார்ப்பதும் புத்தகம் பார்ப்பதும் ஒரே ஜாதி. சொல்லித் தருகிறவர் தெளிவாகச் சொன்னால் நமக்கே தெரிந்தது போல் இருக்கும். ஒரு வீடியோ முடிந்ததும் கைபேசியை உங்களிடம் கொடுத்துவிட்டு, பார்த்ததை ஒரு பக்கம் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு இயற்பியல் தெரிய வேண்டியதில்லை, எழுத முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

தூக்கத்தைத் திருடிப் படிப்பதில் லாபம் இல்லை. பகலில் படித்ததை மூளை ஒழுங்குபடுத்தி வைப்பது தூக்கத்தில்தான். தவிர, தேர்வு நடப்பது காலையில். ஒரு மணிக்குப் படுத்துப் பழகிய உடம்பு காலை பத்தேகாலுக்குக் கணக்குப் போட மறுக்கும். பத்தரைக்கு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் முறைப்பாள், பிறகு பழகிவிடும்.

கம்பம்_மாணவி

டீச்சர், நடுவரைக்கோடு தானாகவே வந்துவிட்டது! புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. எதிர்க் குறியை மட்டும் விட்டிருந்தேன், சிவப்பில் போட்டுக்கொண்டேன். கடைக்கார அண்ணாச்சி காலண்டர் தாள் கட்டு ஒன்று கொடுத்தார். முதல் டப்பா மூட முடியாத அளவுக்கு நிறைந்திருக்கிறது, மூன்றாவது டப்பாவில் இன்னும் பிஸ்கட்தான் இருக்கிறது, தம்பி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

இரண்டு சந்தேகம். அரையாண்டில் நேரம் போதவில்லை என்றேன் அல்லவா, அதற்கு என்ன செய்வது? பிறகு, கட்டாய வினாக் கணக்கு. பெருக்கல் வகுத்தலிலேயே எனக்கு நேரம் ஓடிவிடுகிறது. தேர்வு அறைக்குப் போகும் முன் தோழிகள் “இது படித்தாயா, அது படித்தாயா” என்று கேட்பதிலும் பதற்றம் வருகிறது.

ஓய்வுபெற்ற_டீச்சர்

தோழிகளிடம் “படிக்கவில்லை” என்று சிரித்துவிட்டு வேப்ப மரத்தடிக்கோ குழாயடிக்கோ போய் நில். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

நேரத்துக்குக் கணக்கு இருக்கிறது. எழுதக் கிடைப்பது 180 நிமிடம். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு 14 நிமிடம் என்று வைத்தால் ஐந்துக்கும் 70. மூன்று மதிப்பெண்ணுக்கு 8 வீதம் 48. இரண்டு மதிப்பெண்ணுக்கு 4 வீதம் 24. ஒரு மதிப்பெண் பதினைந்துக்கும் சேர்த்து 15. மொத்தம் 157. மீதி 23 நிமிடம் சரிபார்க்கவும், எங்காவது தடுமாறினால் ஈடுகட்டவும். இப்போது நீ வீட்டில் எழுதும்போதே கடிகாரத்தைப் பார்த்து எழுது. ஒரு தருவிப்புக்கு 20 நிமிடம் ஆகிறதா, அது இரண்டாவது டப்பாவுக்குப் போகத் தகுதி இல்லை. உன் தாளில் ஒரு ஐந்து மதிப்பெண் வினா விட்டுப்போனது வேகம் இல்லாததால் என்று நினைக்காதே, நின்ற இடங்களில் எல்லாம் யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாய். நிற்பது குறைந்தால் நேரம் தானாக மிஞ்சும்.

கணக்குக்கு: இயற்பியல் தேர்வில் கால்குலேட்டர் கிடையாது, அதனால் வீட்டில் கைபேசியில் கணக்குப் போடுகிற பழக்கத்தை இன்றே விடு. பத்தின் அடுக்குகளைத் தனியாக ஒரு பக்கம் கூட்டிக் கழித்துவிடு, எண்களைத் தனியாகப் பெருக்கு. இரண்டையும் கலந்துகொண்டு போடுவதால்தான் பாதித் தவறு வருகிறது. பாடத்துக்குள் இருக்கும் எடுத்துக்காட்டுக் கணக்குகளை முதலில் முடி, பின்பகுதிக் கணக்குகள் அப்புறம். எண்ணை மட்டும் மாற்றிக் கேட்டாலும் தடுமாறாத அளவுக்கு அந்த எடுத்துக்காட்டுகள் கையில் வர வேண்டும். கணக்கைத் தொடங்கும் முன் கொடுக்கப்பட்டதை அலகோடு எழுது. சென்டிமீட்டரில் இருந்தால் அங்கேயே மீட்டராக மாற்றிவிடு, நடுவில் மாற்றலாம் என்று விட்டால் மறப்பாய். முடிக்கத் தெரியாவிட்டாலும் சூத்திரத்தையும் பிரதியிட்ட வரியையும் எழுதிவை.

வினாத்தாள் பத்து மணிக்குக் கையில் வரும். வாசிக்கத் தரும் பத்து நிமிடத்தில் பேனாவைத் தொட முடியாது. ஒரு மதிப்பெண்ணில் கண்ணை ஓட்டி நேரத்தைக் கழிக்காதே. நேராக 24-ஆம் வினாவுக்கும் 33-ஆம் வினாவுக்கும் போ, எந்தச் சூத்திரம் என்று மனதுக்குள் முடிவு செய். பிறகு ஐந்து மதிப்பெண்ணில் ‘அல்லது’க்கு எந்தப் பக்கம் எழுதப் போகிறாய் என்று முடிவு செய், செய்த முடிவை நடுவில் மாற்றாதே. பாதி எழுதிவிட்டு அடித்து அடுத்ததைத் தொடங்கியவர்களின் தாளில் இரண்டுமே பாதியாக இருக்கும்.

திருப்புதல் தேர்வுத் தாள் கையில் வந்ததும் இதே போல் எங்கே போயிற்று என்று கணக்கெடுத்து எழுது. வேதியியல் பற்றி என்னிடம் கேட்காதே, கரிம வேதியியலோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை. அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடு, யாராவது வருவார்கள்.